ஏழாவது வளைவில் ஒட்டிய கண்ணாடி

மூன்றாவது கண்ணாடியும் உடைந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை. ஸ்டேஷன் முகப்பில் இட்லி ஆவியும் பினாயிலும் கலந்த வாசனை. ஏழாவது வளைவுக்குள், இடதுபக்கத் தூணில், நான் ஒட்டியிருந்த விரல் நீளக் கண்ணாடித் துண்டின் குறுக்கே தலைமுடிபோல ஒரு கோடு. அதை மூன்று கோணங்களில் படம் எடுத்தேன். பக்கத்தில் ஸ்கேலை வைத்து நான்காவது. பிறகு, யாரும் கேட்காமலே, என்னையும் சேர்த்து ஒன்று.

"உடஞ்சிச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சிவப்புச் சட்டை, கையில் பித்தளைப் பில்லை, தோளில் சும்மாட்டுத் துணி. ராணியக்கா. அந்த ஸ்டேஷனின் ஒரே பெண் போர்ட்டர். ஏழாவது வளைவு அவருடைய இடம்.

"உடஞ்சிருச்சுக்கா."

"சிரிச்சிக்கினே சொல்ற."

நான் சிரிப்பை நிறுத்தினேன். கண்ணாடி உடைந்தால் அந்த வளைவை மூடிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன வாரம் என் ஹாஸ்டல் சாம்பாரில் இருந்த வெல்லத்தைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நன்றி. அந்த விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இந்த வாரம் ஒரு கல் கட்டடத்தைப் பற்றி. அதில் என் கருத்து மாறியது.

கண்ணாடி எதற்கு

நான் பழைய கட்டடங்களை அளக்கிறவள். ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு, புதிதாக எதுவும் கட்டாமல், ஏற்கெனவே கட்டியதை டேப் வைத்து அளந்துகொண்டிருக்கும் தொழில். அம்மா இதை உறவினர்களிடம் விளக்குவதை நிறுத்தி நெடுநாள் ஆயிற்று. "பெங்களூர்ல வேலை" என்று சொல்லிவிடுகிறாள். அவர்கள் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் வசதி.

பெங்களூர் வந்து எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இந்த ஸ்டேஷன். பழுதுபார்ப்பதற்கு முன்னால் அளந்து, வரைந்து, எங்கே விரிசல் என்று குறித்துக்கொடுக்க வேண்டும்.

பழைய கட்டடத்தில் விரிசல் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. இருக்கும். அது அசைகிறதா என்பதுதான் கேள்வி. சில விரிசல்கள் நூறு வருஷம் முன்பு விழுந்து, அப்படியே தூங்கிவிட்டவை. சில இன்னும் நகர்ந்துகொண்டிருப்பவை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை பிளாஸ்டர் வைத்து ஒட்டுவோம். விரிசல் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. அதுதான் அதன் தகுதி.

முகப்பில் ஏழு வளைவுகள். ஏழிலும் விரிசல். ஏழிலும் ஒரே உயரத்தில், என் தலைக்கு நான்கு விரல் மேலே, கண்ணாடி ஒட்டினேன். அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிக்கையில் தொழில்நுட்பக் காரணம் எழுதியிருந்தேன். உண்மைக் காரணம், ஸ்டூல் இல்லாமல் என் கை எட்டுகிற இடம் அது.

ஆறு கண்ணாடிகள் அப்படியே இருந்தன. ஏழாவது மட்டும் உடைந்தது. புதிதாக ஒட்டினேன். மறுபடி உடைந்தது. இப்போது மூன்றாவது முறை.

ஸ்டேஷன்

எந்த ஸ்டேஷன் என்று எழுத முடியாது. ஆபீஸில் சேரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், படிக்காமல். பிற்பாடு படித்தேன், எழுதக்கூடாது என்று இருந்தது.

ஆனால் கதை பொதுவானது. இந்த ஊருக்கு ரயில் முதலில் சென்னைப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஜோலார்பேட்டையில் கிளை பிரிந்து, மேடேறி, மூச்சு வாங்கிக்கொண்டு. அதில் சிப்பாய்கள் வந்தார்கள், பீப்பாய்கள் வந்தன, கல் உடைக்கவும் தண்டவாளம் போடவும் வட ஆற்காட்டு ஆட்கள் வந்தார்கள். சிப்பாய்கள் போய்விட்டார்கள். வட ஆற்காட்டு ஆட்களின் வம்சம் மர்பி டவுனிலும் நீலசந்திராவிலும் இருக்கிறது. வீட்டில் தமிழிலும் தெருவில் கன்னடத்திலும் சண்டை போடுகிறார்கள். இரண்டிலும் நன்றாகப் போடுகிறார்கள்.

கட்டடத்தைப் பார்த்தால், அரண்மனை கட்ட ஆரம்பித்துப் பாதியில் ரயில் ஞாபகம் வந்ததுபோல இருக்கும். சுவர் முழுக்கச் சுற்றுவட்டாரத்துக் கருங்கல், சுண்ணாம்புச் சாந்து. நடுவே ஒரு கோபுரம், அதில் கடிகாரம். கடிகாரம் சரியாக ஓடுகிறது. யாரும் பார்ப்பதில்லை. உள்ளே கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பு இடித்துப் போட்டது. பிளாட்பாரத்தில் இரும்புத் தூண்கள், தலையில் இலைக்கொத்து. அந்த இலை எந்த மரத்துடையது என்று ஒரு வாரம் தேடினேன். வெள்ளைக்காரன் ஞாபகத்திலிருந்து வார்த்தது என்று முடிவுக்கு வந்தேன்.

முகப்பு மண்டபத்தின் ஏழு வளைவுகளும் ஒரே அளவு அல்ல. நடுவில் உள்ளது பெரியது. குதிரை வண்டி உள்ளேயே வந்து நிற்கும். அதற்கு இருபுறமும் உள்ளவை மரியாதைக்குரியவர்கள் நடந்து வருவதற்கு. ஓரத்தில் உள்ளவை மற்றவர்களுக்கு. ஏழாவது, கடைக்கோடியில், பார்சல் முற்றத்துப் பக்கம். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். இறங்க மூன்று படி. கீழே கல் பாவிய தரை, இடைவெளி விட்டு விட்டு.

மற்ற ஆறுக்கும் சாய்தளம் போட்டாயிற்று. ஏழாவதின் படிகள் மட்டும் பழமையின் அழகு என்று விட்டுவைக்கப்பட்டிருந்தன. என்னைப் போன்ற யாரோ ஒருத்தியின் வேலையாக இருக்கும்.

தூண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சதுரத் தூண்கள், கூரான முனைகள். ஆனால் வளைவுக்குள் திரும்பும் முனை மட்டும், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, இரண்டடி நீளத்துக்கு மெல்ல உருண்டிருக்கும். விரலால் தடவினால் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று. இதில் நான் மயங்கிப்போனேன். கடினமான கருங்கல்லில் இத்தனை மென்மையைச் செதுக்கிய அந்தப் பெயர் தெரியாத சிற்பியைப் பற்றி அறிக்கையின் பதினான்காம் பக்கம் முழுவதும் எழுதினேன். 'ஒளியை உள்ளே வழுக்கிவிடும் நுட்பம்' என்ற தொடர் அதில் இரண்டு இடத்தில் வரும்.

ஆளுக்கு ஒரு வளைவு

போர்ட்டர்களுக்குள் ஒரு வழக்கம். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதது, அதனாலேயே யாரும் மீறாதது. வளைவுகள் பங்கு பிரிக்கப்பட்டவை. எந்த வளைவை நோக்கிப் பயணி திரும்புகிறாரோ, அந்த வளைவுக்காரருக்குத்தான் பெட்டி. இடையில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. வளைவை இழந்தவர் வேறொரு வளைவில் போய்க் கடைசி ஆளாக நிற்க வேண்டும். மூடிய வளைவு திறக்கும் நாளில் முதலில் யார் வந்து நிற்கிறார்களோ, அது அவர்களுடையது.

நான் விரிசல் பார்க்க வந்தவள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு உபசாரம் பலமாக இருந்தது. ஒவ்வொருவரும் டீ வாங்கிக் கொடுத்து, அடுத்தவர் வளைவிலிருந்த விரிசலைக் காட்டினார்கள்.

"மேடம், நம்ம மூணாவத வுடுங்க. அது கல்லு மாதிரி இருக்குது," என்றார் அன்வர் பாய். மூன்றாவது வளைவுக்காரர், பிரேசர் டவுன், ஆறடி.

"கல்லுதான பாய் அது."

"அதான் சொல்றேன். நாலாவதப் பாருங்க. அதுல பெருச்சாளி குடும்பத்தோட போய் வருது."

நாலாவது வளைவுக்காரர் ஐந்தாவதைக் காட்டினார். ஆனால் எல்லாருடைய விரலும் கடைசியில் ஏழாவதில்தான் போய் நின்றது. அதற்குக் காரணம் இருந்தது.

ராணியக்காவின் கணவர் போர்ட்டர். அவர் இறந்தபின் பில்லை இவருக்கு வந்தது. பொம்பளைக்கு எந்த வளைவு என்று கேள்வி எழுந்தபோது, கடைக்கோடியைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் பார்சல் முற்றமும் நாய்களும்தான். பிறகு ஆட்டோ நிறுத்தத்தை அங்கே மாற்றினார்கள். ஆட்டோவுக்குப் போக ஏழாவது வளைவு. ஏழாவது வளைவில் படி. படிக்குக் கீழே மேடுபள்ளக் கல். இப்போது எல்லாப் பெட்டிக்கும் சக்கரம் உண்டு, ஸ்டேஷன் முழுக்கச் சக்கரம் உருள்கிறது, இந்த ஓரிடத்தில் உருளாது. மற்ற போர்ட்டர்கள் தள்ளுவண்டிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், ராணியக்கா ஒருவருக்குத்தான் தலைச்சுமை குறையவில்லை.

"ராணிம்மாவுக்கு லாட்டரி அடிச்சிச்சு மேடம்," என்றார் அன்வர் பாய். "நாய் இருந்த எடத்துல நோட்டு."

"நாய்ங்களோட நின்னது யாருன்னும் சொல்லு பாய்," என்றார் ராணியக்கா, திரும்பாமலே.

என் பெரிய கண்டுபிடிப்பு

நான் சும்மா இருந்திருக்கலாம். உடைந்தது என்று மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் எனக்கு ஏன் என்று தெரிய வேண்டியிருந்தது. கண்ணாடி எப்போதெல்லாம் உடைகிறது என்று அட்டவணை போட்டேன். மூன்று முறையும், காலையில் சென்னை ரயில் வந்துபோன பிறகு. முதல் நாள் மாலை முழுசு. மறுநாள் ரயிலுக்குப் பிறகு கோடு.

ஆகவே அதிர்வு. ரயில் நுழையும்போது தரை அதிர்கிறது, அதிர்வு அஸ்திவாரம் வழியாகக் கடைக்கோடித் தூணுக்கு வந்து, அங்கே போக இடமில்லாமல் விரிசலை அசைக்கிறது. அம்புக்குறிகள் போட்டு வரைபடம் வரைந்தேன். சிவப்பு அம்புகள். பார்க்கவே பயமாக இருந்தது. மற்ற ரயில்கள் ஏன் அசைக்கவில்லை என்ற கேள்விக்கு, சென்னை ரயில் நீளமானது என்று பதில் வைத்திருந்தேன்.

எங்கள் ஆபீஸ் எஞ்சினியர் பிரகாஷ் சார், மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர். என்னிடம் தமிழ் பேசுவார், தானே கண்டுபிடித்த தமிழ். பாராட்டு என்றால் 'பர்வாகில்லா' என்பதுதான் அவருடைய உச்சம். வரைபடத்தைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"சென்னாகிதே," என்றார். நல்லா இருக்கு. நான் அன்று மசால் தோசை இரண்டு சாப்பிட்டேன்.

புதன் மத்தியானமே அறிக்கை ஐந்து பிரதி அச்சாகி, தடித்த அட்டை போட்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரிகளோடு கூட்டம். பரிந்துரை எண் ஒன்று: ஏழாவது வளைவை உடனே மூடிச் சாரம் கட்ட வேண்டும், ஏறத்தாழ ஒரு வருடம்.

அன்று சாயங்காலம் நான்காவது கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தபோது ராணியக்கா வந்து நின்றார்.

"மூடப் போறீங்களாமே."

"பாதுகாப்புக்குத்தான்க்கா. இடிஞ்சு விழுந்தா?"

"பன்னண்டு வருசமா நிக்கிறேன். ஒரு தூசி விழல."

"உள்ள அசையுதுக்கா. வெளிய தெரியாது."

"ஒனக்கு மட்டும் தெரியும்."

"கண்ணாடி சொல்லுது."

அவர் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே உயரம். அன்றைக்கு அதை நான் கவனித்தேன், அதனால் என்ன என்று யோசிக்கவில்லை.

"ஒரு வருசம் கழிச்சித் தெறக்கிறப்ப, மொத நாள் ராத்திரியே அன்வர் வந்து படுத்துக்குவான். எனக்கு மூணாவது ஆர்ச்சுல கடைசி எடம். அங்க சக்கரம் ஓடுது. எவன் தலையில ஏத்துவான்?" குரல் ஏறவே இல்லை. "சரி. நீ ஒன் வேலையப் பாரு."

தம்ளர் தண்ணீர்

வியாழன் காலை, அதிர்வை என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று போனேன். தூணடியில் ஸ்டீல் தம்ளரில் தண்ணீர் வைத்தேன், அலை எழுவதைப் பார்க்க. கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் தம்ளரைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் அதில் சில்லறை போட்டார்.

சென்னை ரயில் வந்தது. தண்ணீரில் மெல்லிய நடுக்கம், அவ்வளவுதான். சில்லறைகூட அசையவில்லை. நீளமான ரயில் முழுவதும் வந்து நின்றது. கண்ணாடி முழுசாக இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

பத்து நிமிடம் கழித்துக் கூட்டம் வெளியே வந்தது. முகூர்த்த நாட்கள். காஞ்சிபுரம், ஆரணிப் பைகளோடு ஒரு கல்யாணக் குடும்பம். அவர்களுக்கு முன்னால் ராணியக்கா, தலையில் அகலமான பெட்டி ஒன்று, அதன்மேல் இன்னொன்று. கழுத்து அசையவில்லை. நேரே பார்த்தபடி வேகமாக வந்தார்.

எதிரே ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே படியேறி வந்தார். ராணியக்கா அரை அடி இடப்பக்கம் ஒதுங்கினார்.

டிக்.

அவர் நிற்கவில்லை. அவருக்கு அது கேட்டிருக்க முடியாது. படியிறங்கி, கல்லில் கால் பார்த்து வைத்து, ஆட்டோவுக்குப் போய்விட்டார். என் போனில் மட்டும் அந்தச் சத்தம் பதிவாகியிருந்தது. கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடு.

ஆறடி அன்வர் பாயின் தலையில் பெட்டி இருந்தால் அது கண்ணாடிக்கு மேலே போய்விடும். ராணியக்காவின் தலையில் இருந்தால், என் கை எட்டுகிற அதே இடத்தில் உரசும். நகர்ந்தது, அறிக்கையில் எழுதியிருந்ததுபோலத் தூண் இல்லை. ராணியக்கா.

நான் முதலில் போய் ஒரு காபி குடித்தேன். பிறகு இன்னொன்று. தடித்த அட்டை போட்ட ஐந்து பிரதிகள் ஆபீஸ் மேஜையில் இருந்தன.

இடிக்காதவர்

ஓடிப்போய் முதலில் ராணியக்காவிடம்தான் சொன்னேன். மூட வேண்டாம், அதிர்வு இல்லை, பெட்டிதான் இடிக்கிறது என்றேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"எவன் சொன்னான்?" என்றார்.

"நானே பாத்தேன்க்கா. நீங்க ஒதுங்குறப்போ..."

"நான் இடிக்கல."

"இடிச்சதாலதான் உங்க ஆர்ச்சு தப்பிக்குது."

"பன்னண்டு வருசத்துல ஒரு பெட்டி கீழ போட்டதில்ல, ஒரு செவுத்துல ஒரசினதில்ல. புருசன் பேரச் சொல்லி வந்தவ, ரெண்டு நாள்ல ஓடிருவான்னாங்க. ஏன் ஓடல? இடிக்காம நடக்கறதாலதான். நான் இடிச்சேன்னு எழுதினியோ, அவ்ளோதான்."

"அப்ப மூடிருவாங்க."

"மூடட்டும்."

போனை நீட்டினேன். பார்க்க மறுத்துவிட்டார். தூரத்திலிருந்து அன்வர் பாய், "என்ன ராணிம்மா, என்ன இடிச்ச?" என்றார். "ஒன் மண்டைய," என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

பிரகாஷ் சாரிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஐந்து பிரதிகளையும் பார்த்தார்.

"நோடம்மா, இதப் பாரு. வீடியோல அந்தம்மா தலை மட்டும் தெரியுது. பெட்டி பட்டுச்சா, படலியா? சவுண்டு வெச்சு ரிப்போர்ட் மாத்த முடியாது. செஞ்சு காட்டு."

"யார் சார்?"

"அந்தம்மா மாட்டேங்கறாங்க இல்லியா? நீ எத்தனை ஹைட்டு?"

ஐந்து பிரதிகள்

வெள்ளி காலை ஏழு மணி. ஐந்தாவது கண்ணாடி ஒட்டியாயிற்று. நான் பெங்களூர் வந்தபோது கொண்டுவந்த கெட்டிப் பெட்டியை ஹாஸ்டலிலிருந்து எடுத்துவந்திருந்தேன். காலிப் பெட்டி தலையில் நிற்காது என்று அன்வர் பாய் சொன்னதால், பாரத்துக்கு என்ன வைப்பது என்று தேடி, கடைசியில் அறிக்கையின் ஐந்து பிரதிகளையும் உள்ளே வைத்தோம். அவ்வளவு கனமாக எழுதியிருக்கிறேன் என்று அதுவரை தெரியாது.

எதிரே வரும் பயணியாகப் பிரகாஷ் சார், லேப்டாப் பையோடு. போன் பார்க்கிற பாவனை அவருக்கு இயல்பாக வந்தது.

ராணியக்கா தள்ளி நின்று, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டைத் தலையில் சுற்றியதைப் பார்க்கச் சகிக்காமல் வந்து பிடுங்கி, தன் சும்மாட்டைச் சுருட்டி என் உச்சியில் வைத்து அமுக்கினார். பெட்டியைத் தூக்கி வைத்தார். கழுத்து உள்ளே இறங்கியது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது; கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எதிரே இரண்டு கஜம், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்தேன். இடிக்கவில்லை. இரண்டாவது தடவையும் இடிக்கவில்லை. பிரகாஷ் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பிடி நடந்தா பயணி நடந்தே வீட்டுக்குப் போயிருவான்," என்றார் ராணியக்கா. "கல்யாண வீட்டுக்காரன் பின்னாடி கத்திக்கினே வர்றான். ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான். வேகமா வா."

மூன்றாவது தடவை வேகமாக வந்தேன். பிரகாஷ் சார் எதிரே வந்தார். அரை அடி ஒதுங்கினேன்.

டிக்.

பெட்டியை இறக்கினார்கள். கண்ணாடியில் கோடு. அதற்கு முன்னிருந்த நான்கிலும் விழுந்த அதே சாய்வு. பெட்டியின் மூலையில் வெள்ளையாகப் பிளாஸ்டர் தூள்.

"ஆய்த்து," என்றார் பிரகாஷ் சார்.

"இவ இடிச்சா," என்று ராணியக்கா அவரிடம் தெளிவாகச் சொன்னார். "நான் இடிக்கல."

"ஹௌதும்மா, இவதான்," என்று அவர் ஒப்புக்கொண்டார். பிறகு என்னிடம், "பெட்டி பட்டா உடையும்னு தெரிஞ்சுது. விரிசல் அசையலன்னு தெரியல. ரெண்டும் வேற," என்றார். அதே விரிசலில், பெட்டி எட்டாத இடங்களாக, உயரத்தில் ஒன்றும் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமாகக் கண்ணாடி ஒட்டச் சொன்னார். மூன்று வாரம்.

கூட்டத்தில் ஐந்து பிரதிகளும் பெட்டியிலேயே இருந்தன. ஏழாவது வளைவைப் பற்றி மூன்று வாரம் கழித்துச் சொல்கிறோம் என்றோம். ஏன் என்று கேட்டார்கள். அதிர்வு பற்றிய கருத்தை மறுபரிசீலனை செய்கிறோம் என்றார் பிரகாஷ் சார், என்னைப் பார்க்காமல். அவர் செய்த பெரிய உதவி அது.

பதினான்காம் பக்கம்

மூன்று வாரமும் தினமும் போனேன். மூன்றாவது வாரத்தின் கடைசிக் காலையில் இரண்டு கண்ணாடிகளும் முழுசாக இருந்தன. விரிசல், நூறு வருஷமாகத் தூங்குகிறவற்றில் ஒன்று.

"உடஞ்சிச்சா?"

"இல்லக்கா. மூட மாட்டாங்க."

"மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு சொல்ற."

தொங்கத்தான் போட்டிருந்தேன். வேறு காரணம். அவர் வருவதற்குச் சற்று முன், பழைய பிளாஸ்டரைச் சுரண்டும்போது, என் இடது கை அந்த உருண்ட முனையின்மேல் இருந்தது. என் மயக்கத்துக்குரிய முனை. கண்ணாடி இருந்த அதே உயரம்.

உள்ளங்கையைத் தலை உச்சியில் படுக்கையாக வைத்து, அப்படியே தூணுக்குக் கொண்டுபோனேன். உருண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அதற்குக் கீழே முனை கத்திபோலக் கூராக இருந்தது. மூன்றாவது வளைவுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே உருண்டை ஒரு சாண் மேலே ஆரம்பித்தது. இரண்டாவதில், ஐந்தாவதில், அதே ஒரு சாண் மேலே. அன்வர் பாயின் தலை உயரம்.

சிற்பி யாரும் இல்லை. ஒளி எதையும் யாரும் வழுக்கிவிடவில்லை. பெட்டி, மூட்டை, டிரங்கு, பீப்பாய், கூடை.

ராணியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நம்பாமல் தூணில் முதுகை ஒட்டி நின்றார். என் ஸ்கேலை அவர் தலையில் வைத்தேன். அது உருண்டை ஆரம்பிக்கும் இடத்தில் போய் முட்டியது. திரும்பி நின்று தடவிப் பார்த்தார். கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் வழுக்கி இறங்கியது.

"இது நான் இல்ல," என்றார் உடனே.

"நீங்கன்னு சொல்லலக்கா."

"இவ்ளோ தேயறதுக்கு நான் ஒருத்தி பத்தாது." கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "ஆம்பளைங்க ஒயரமும் இல்ல."

"இல்ல."

"எனக்கு முன்னாடி இங்க பொம்பள யாரும் சொமந்ததில்லன்னாங்களே."

"யாரு?"

"எல்லாருந்தான். பில்லை குடுத்த ஆபீசருங்கூட. நீதான் மொதல்லன்னு கை குலுக்கினாரு."

பழைய கோப்புகளில் எனக்குக் கிடைத்ததும் ஆண்களின் பெயர்கள்தான். பார்சல் முற்றத்தில் கரிக்கூடை யார் சுமந்தார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

"எத்தினி பேரு இருந்திருப்பாளுங்க," என்றார். பிறகு, என்னிடம் இல்லாததுபோல, "எல்லாருந்தான் இடிச்சிருக்காளுங்க."

உள்ளே சென்னை ரயில் வந்துகொண்டிருந்தது. அவர் சும்மாட்டை உதறிக்கொண்டு போனார். நான் தூணை விட்டுத் தள்ளி, படியோரத்தில் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது தலையில் பெரிய பெட்டி, பின்னால் ஒரு குடும்பம். எதிரே ஓர் ஆள் படியேறினார். ராணியக்கா ஒதுங்கினார். பெட்டியின் விளிம்பு அந்த வழுவழுப்பில் பட்டு, சத்தமே இல்லாமல் வழுக்கிப் போயிற்று.

என்னைக் கடந்தபோது அவர் தலை திரும்பவில்லை. திரும்ப முடியாது.

"எழுதிக்க," என்றார்.